வெளிப்பூச்சும் உட்பிணைப்பும்

மதுரைத் தெற்குச் சித்திரை வீதியில் நின்று மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் யாத்ரீகர், 160 அடிக்கும் மேலாக எழும்பி நிற்கும் இந்தக் கட்டடம் தன் பாரத்தால் தானே நொறுங்கிப் போகாமலிருப்பது எப்படி என்று வியப்பது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வியப்புக்கு ஆதாரம் சொற்பமே. ஒரு கன மீட்டர் செங்கற்கட்டின் எடை ஏறத்தாழ 1,800 கிலோ; அதை 50 மீட்டர் உயரத்துக்கு நேர்செங்குத்தாக எழுப்பினாலும் அடியில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோதான். இந்தியத் தர நிர்ணயம் அங்கீகரிக்கும் செங்கற்களில் மிகத் தாழ்ந்த வகுப்பைச் சேர்ந்ததுகூட, 35 கிலோ அழுத்தத்தைத் தாங்கிய பின்னரே நொறுங்க அனுமதி உண்டு. ஆகவே செங்கல் பலவீனமானது என்ற காரணத்தால் பழைய கட்டடங்கள் விழுவதில்லை. ஆயினும் அவை விழுகின்றன. சில, நூற்றாண்டுகள் நின்று, யாரும் தொடாத ஒரு நாளில் விழுகின்றன. இந்த முரண்பாட்டின் சூட்சுமத்தை அறியாமல் நாம் ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரில் செய்யும் காரியங்கள் பல, நோயைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைக்கும் காரியங்களாகவே முடிகின்றன என்பது என் அபிப்பிராயம்.

ஓலைச்சுவடி ஒன்றின் இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டிய சுவடி அசைந்து கொடுக்காது. கட்டை அவிழ்த்துவிட்டு அதே ஏடுகளை அதே அளவு அழுத்தினால், ஒவ்வோர் ஏடும் தன் போக்கில் வளைந்து பக்கவாட்டில் பிதுங்கும். ஓலையின் வலிமை இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறியது ஏடுகளுக்கிடையே இருந்த பிணைப்பு மட்டுமே. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர், தூண்களின் வலிமையைப் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில், மெலிந்து உயர்ந்த ஒரு தூண் நசுங்குவதற்கு வெகு முன்னரே வளைந்து விலகிவிடும் என்பதைச் சூத்திரமாகவே நிறுவினார். அந்த வளைவை எதிர்க்கும் ஆற்றல் பொருளின் பருமனோடு மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. பருமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. பருமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. ஒரு சுவர் நடுவே பிளந்து இரண்டு ஏடுகளாகப் பிரிந்தால், இரண்டையும் சேர்த்தும் மிஞ்சுவது பழைய விறைப்பில் கால் பங்கே; நான்காகப் பிரிந்தால் பதினாறில் ஒரு பங்கே. ஒரு செங்கல்கூடக் குறையவில்லை, ஒரு கிலோ பாரமும் கூடவில்லை. ஆனாலும் சுவர் தன் பலத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

நம் முன்னோர் எழுப்பிய கனத்த சுவர்களில் பல, வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதுபோல ஒரே திணிவாக அமைந்தவை அல்ல. வெளிமுகத்தில் ஒழுங்காக அறுத்தெடுத்த கல்லோ செங்கல்லோ கொண்டு ஓர் ஏடு, உள்முகத்தில் அதேபோல் மற்றோர் ஏடு, இரண்டுக்கும் நடுவே உடைகல்லும் செங்கற்சில்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்த நிரப்பு என்று மூன்றடுக்காக அமைவது, உலகெங்கும் பழைய கொத்து வேலையில் காணப்படும் முறை. ஆங்காங்கே சுவரின் அகலம் முழுவதையும் ஊடுருவுமாறு குறுக்காக வைத்த நெடுங்கற்களும், காரையின் பிடிப்பும் சேர்ந்து இந்த மூன்றையும் ஒன்றாக்கின. அந்தப் பிணைப்பு உயிரோடிருக்கும்வரை சுவர் ஒன்று; அது செத்துவிட்டால் சுவர் மூன்று. 60 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரில் 10 சென்டிமீட்டர் கனமுள்ள வெளியேடு மட்டும் தனித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்த ஏட்டின் விறைப்பு முழுச்சுவரின் விறைப்பில் 216இல் ஒரு பங்கு. மேலிருந்து இறங்கும் பாரத்தில் தன் பங்கை அது சுமந்தாக வேண்டும்; சுமக்க இயலாமல் மெல்லப் பிதுங்குகிறது. நம் கொத்தனார்கள் ‘சுவர் வயிறு தள்ளியிருக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிப்பது இந்தச் சாஸ்திரம் முழுவதையும்தான்.

இதன் விபரீதத்தை ஐரோப்பா பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. இத்தாலியின் பாவியா நகரில் பல நூற்றாண்டுகள் நின்ற நகரக் கோபுரம், 1989 மார்ச் 17 அன்று காலையில், புயலோ நிலநடுக்கமோ இல்லாமல் இருந்தாற்போலிருந்து சரிந்து நால்வரைப் பலிகொண்டது. அதன் சுவர்கள் மெல்லிய செங்கல் ஏடுகளுக்கு நடுவே கனத்த நிரப்பைக் கொண்டவை. பிற்காலத்தில் உச்சியில் கருங்கல்லாலான மணிமண்டபம் வேறு ஏற்றப்பட்டிருந்தது. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லூயிஜா பிந்தாவும் அவருடைய சகாக்களும் இடிபாடுகளைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது: மாறாத பாரமேயானாலும் அது நீண்டகாலம் நீடித்தால், பழைய கொத்துக்கட்டு மெல்ல மெல்ல இளகுகிறது, பாரம் இறங்கும் திசைக்கு இணையாக மயிரிழை போன்ற செங்குத்து விரிசல்கள் தோன்றுகின்றன, அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஏடுகளைப் பிரிக்கின்றன, பிறகு ஒரு நாள் முடிவு வருகிறது. 1996 மார்ச் 13 அன்று சிசிலித் தீவின் நோத்தோ பேராலயம் சரிந்தபோதும், உள்ளே உடைகல் நிரப்பிய அதன் தூண்களே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டன.

நமக்கு அண்மையில் நடந்ததையும் மறந்துவிட வேண்டாம். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அஸ்திவாரம் உட்படப் பல காரணங்கள் அப்போது விவாதிக்கப்பட்டன. அந்த விவாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை. நமக்கு முக்கியமான பாடம் வேறு. அந்தக் கோபுரம் முன்னறிவிப்பின்றி விழவில்லை; விரிசல்கள் அகன்றுகொண்டே வந்ததைக் கண்டு சுற்றுப்புறத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. விரிசல் பேசும், கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். அதைக் கேட்கவிடாமல் செய்வதற்கு மிகச் சுலபமான உபாயம், அதன்மேல் பூசி மெழுகிவிடுவது.

ஏடுகள் பிரிவதற்குரிய காரணங்கள் மதுரைச் சீமையில் தாராளமாகவே உள்ளன. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் அடைமழை, சுவரின் தலைப்பிலுள்ள வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிக் காரையிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. காரை போன நிரப்பு, பிடிப்பற்ற சல்லிக்குவியலாகி, தன் எடையால் கீழிறங்கி இருபுற ஏடுகளையும் வெளியே தள்ளுகிறது. பறவைகள் போட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசும் ஆலும் தம் வேரை இரண்டு ஏடுகளுக்கிடையே உள்ள சந்தில் செலுத்துகின்றன. செடியை வெட்டி எறிந்துவிட்டோம் என்று திருப்தியடையும்போது வேர் உள்ளேயே இருந்து மறுபடி தளிர்க்கிறது. நிலத்தடி ஈரம் சுவருக்குள் உப்பை ஏற்றுகிறது. சித்திரை வெயிலில் ஈரம் ஆவியாகும்போது அந்த உப்பு படிகமாகிப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே நெம்புகிறது. இவையெல்லாம் இயற்கை செய்வன; இவற்றுக்கு மாற்று தேடலாம். மனிதர் நல்லெண்ணத்தோடு செய்வதுதான் அதிக ஆபத்தாக முடிகிறது.

நான் குறிப்பிடுவது பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டுப் பூச்சு பூசும் வழக்கத்தை. சிமெண்டு சுண்ணாம்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது; ஈரத்தை எளிதில் வெளிவிடாதது; வெப்பத்தில் பழைய செங்கல்லைவிட அதிகமாக விரிவது. பூச்சு வெயிலில் 30 டிகிரி சூடேறினால், செங்கல்லை மிஞ்சி அது ஒரு மீட்டருக்கு 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு நீள முயல்கிறது. இது ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரு முனைகளும் நகர முடியாமல் அடைபட்ட ஒரு மீட்டர் நீளப் பூச்சு, அந்த 0.15 மில்லிமீட்டரை வளைந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றால், அதன் நடுப்பகுதி சுவரைவிட்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் எழும்ப வேண்டியிருக்கும். மிகச் சிறிய நெருக்கம் மிகப் பெரிய பிதுக்கமாக வெளிப்படுவதே இந்தச் சங்கதியின் லட்சணம். பிடிப்பு நன்றாயிருக்கும்வரை இது நிகழாது. உள்ளே ஈரமும் உப்பும் சேர்ந்து ஓரிடத்தில் பிடிப்பை இளக்கியதும், அந்த இடத்தில் பூச்சு உப்புகிறது. உப்பியதன் விளிம்பு பக்கத்திலுள்ள பிடிப்பையும் நெம்பித் தன் எல்லையை விரிவாக்கிக்கொள்கிறது. சந்து விடாமல் நெருக்கிப் பதித்த தரை டைல்ஸ் ஒரு நாள் திடீரென்று சத்தத்தோடு கூரைபோல எழும்பி நிற்பதைப் பல வீடுகளில் கண்டிருப்பீர்கள். அங்கு வேலை செய்வதும் இதே விதிதான். டைல்ஸ் எழும்பினால் வேறு பதித்துக்கொள்ளலாம். கோபுரச் சுவரில் உப்பிய பூச்சு விழும்போது, தன்னோடு பிடித்திருந்த பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழுகிறது.

வெப்பம் அடுக்குகளைப் பிரிக்கும் விதத்தை மதுரை ஒரு கொடிய இரவில் பிரத்தியட்சமாகவே கண்டது. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு, கோயிலின் கீழ்ப்புறத்தில் கடைகளிலிருந்து பரவிய தீ வீரவசந்தராயர் மண்டபத்தைப் பற்றியது. கல் எரியாது என்ற நம்பிக்கையில் வாழ்ந்த ஊர், கற்றூண்கள் வெடித்துக் கூரைக் கற்கள் சரிந்து கிடந்ததைக் காலையில் பார்த்துத் திகைத்தது. கல் எரியாதுதான். ஆனால் தீ பட்ட புறப்பரப்பு விரிய முயல்கிறது. உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும் பகுதி அதை விரிய விடுவதில்லை. ஆகவே புறப்பரப்பு கடும் நெருக்கத்துக்கு உள்ளாகி, ஒரு கட்டத்தில் ஏடு ஏடாகப் பிதுங்கித் தெறிக்கிறது. கருங்கல்லிலுள்ள படிகக்கல் மணிகள் 573 டிகிரி வெப்பத்தில் தம் உள்ளமைப்பையே மாற்றிக்கொண்டு திடீரென்று பருமனாவதும் இதற்குத் துணைபோகிறது. இரண்டாயிரம் டன் பாரத்தையும் சுமக்கும் என்று நாம் நம்பும் கல்லும், அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால் தன்னையே சுமக்க இயலாததாகிறது.

பழைய ஸ்தபதிகளும் கொத்தனார்களும் ஆய்லரின் சூத்திரத்தை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அதன் பயனை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய மகாலில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும் கொண்டு அமைந்த அந்தப் பிரம்மாண்டமான தூண்களையும் வளைவுகளையும் பார்த்தாலும், காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளின் பளபளக்கும் சுவர்களைத் தடவிப் பார்த்தாலும், ஒரே நியதி தெரிகிறது: சுண்ணாம்பைப் பல நாள் புளிக்கவைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்து, கரடான அடிப்பூச்சில் தொடங்கி, ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட மெல்லியதாகவும் நயமானதாகவும் அமையுமாறு, கீழ்ப்பூச்சின் ஈரம் முற்றும் உலர்வதற்குள் மேற்பூச்சை ஏற்றினார்கள். உள்ளே வலியது, வெளியே மெலியது என்ற இந்த வரிசை காரணமாக, நெருக்கம் வரும்போது மேலேடு கீழேட்டை இழுத்துப் பெயர்ப்பதில்லை, தான் விட்டுக்கொடுக்கிறது. மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த வெடிப்பிலேயே மறுபடி படிந்து அதை ஓரளவு அடைத்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்று வகுத்தவர்களும், சாரம் கட்டி உச்சிவரை ஏறிச் சோதித்துப் பழுது பார்ப்பதற்கு ஒரு காலக்கெடுவையே சமய ஆசாரத்துக்குள் வைத்துக் காத்தார்கள் என்று கொள்வது தவறாகாது. மதுரையில் 2009 ஏப்ரல் 8 அன்று நடந்த குடமுழுக்குக்குப் பின் அந்தக் கெடு 2021இல் நிறைவுற்றும், தீக்கிரையான மண்டபத்தின் திருப்பணி முடியாததால் அடுத்தது தள்ளிப்போனது.

சாரம் ஏறுகிறவர் செய்ய வேண்டிய சோதனை எளியது. கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், பிணைப்புள்ள இடம் திண்ணென்று ஒலிக்கும். பிரிந்த இடம் வெற்றொலி தரும். இதைப் பாமரர் வித்தை என்று எண்ணிவிடக் கூடாது. கார்பன் இழையை ஏடு ஏடாக ஒட்டி விமானச் சிறகு செய்யும் இக்காலத்தில், பராமரிப்புப் பொறியாளர் ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ அந்தச் சிறகைத் தட்டி ஒலி கேட்பது இன்றும் அங்கீகரிக்கப்பட்ட சோதனைகளுள் ஒன்று. கீழே விழுந்த ஒரு கருவி உண்டாக்கிய, வெளியே தெரியாத ஏட்டுப்பிரிவு, பறக்கையில் வரும் அழுத்தத்தில் உப்பிப் பரவிச் சிறகையே முறித்துவிடக்கூடும் என்பதால், அவர்கள் பார்வையை நம்புவதில்லை. மீயொலிக் கருவி கொண்டும் தேடுகிறார்கள். முந்நூறு பேர் அமரும் விமானத்துக்கு இத்தனை சிரத்தை என்றால், திருவிழா நாளில் பல்லாயிரவர் நுழையும் கோபுர வாயிலுக்கு அதில் ஒரு பங்காவது வேண்டாமா?

வேண்டும் என்பதை ஒருவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நம் ஒப்பந்த முறை அதற்கு இடம் தருவதில்லை. பூச்சு வேலைக்குப் பணம் சதுர மீட்டர் கணக்கில் வழங்கப்படுகிறது. எத்தனை பரப்பு மூடப்பட்டதோ அத்தனை பணம். சுவருக்குள் மறைந்துகிடக்கும் வெற்றிடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, துளையிட்டு, சுண்ணாம்புப் பாலை மெதுவாகச் செலுத்தி நிரப்புகிறவருக்கு அளந்து காட்டப் பரப்பு எதுவும் இல்லை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்கிறது. ஊழலைத் தடுக்க எழுந்த அந்த நல்ல விதி, அளவிட முடியாத வேலையைச் செய்யாமல் விட்டவரே குறைந்த விலை கேட்க முடியும் என்ற விசித்திரமான பலனையும் உண்டாக்குகிறது. யுனெஸ்கோ நிபுணர் குழு 2017இல் அளித்த அறிக்கை நம் கோயில் திருப்பணி முறைகளைக் குறைகூறியதும், சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 75 கட்டளைகளைப் பிறப்பித்ததும் எல்லோரும் அறிந்தவை. கட்டளைகள் எத்தனை இருந்தாலும், பணம் பரப்புக்கே பாயும்வரை வேலையும் பரப்பிலேயே நின்றுவிடும்.

சுண்ணாம்பு வேலை தாமதமாகும், தெரிந்த கைகள் அருகிவிட்டன, செலவும் அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. சிமெண்டை முற்றாக விலக்க வேண்டும் என்று நானும் வாதிக்கவில்லை. புதிதாக எழும்பும் கான்கிரீட்டுக் கட்டடத்தில் அதற்குரிய இடத்தை எவரும் பறிக்க முடியாது. ஆனால் தாமதம் என்பது சுண்ணாம்பின் குற்றமன்று. காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல ஏற்று இறுகுவது அதன் சுபாவம். அந்தச் சுபாவத்துக்கேற்பக் கால அட்டவணையை வகுப்பது பொறியாளரின் கடமை. கைகள் அருகியதற்கும் வேலை தராததே காரணம். இருபது ஆண்டு எவரும் அழைக்காத கொத்தனார் தம் மகனுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். செலவைப் பொறுத்தவரை, எட்டாண்டில் பெயர்ந்து விழும் மலிவான பூச்சை மூன்று தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் பழைய செங்கல்லின் முகத்தையும் இழப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, எந்தப் பழைய கட்டடத்திலும் பூச்சுக்கோ வர்ணத்துக்கோ உத்தரவு வழங்குமுன், சுவரைத் தட்டிப் பார்த்து வெற்றொலி தரும் இடங்களையும், தூக்குக்குண்டு விட்டு அளந்த பிதுக்கத்தையும், செங்குத்து விரிசல்களின் நீள அகலத்தையும் வரைபடத்தில் குறித்து, அதைக் கட்டடத்தின் நிரந்தர ஆவணமாக்க வேண்டும். அடுத்த சோதனையில் எது வளர்ந்தது, எது வளரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது, பொதுப்பணித்துறையும் இந்து சமய அறநிலையத் துறையும் தம் விலைப்பட்டியலில் ஏடுகளைப் பிணைக்கும் வேலைக்கு, அதாவது குறுக்குக்கல் பதிப்பதற்கும் சுண்ணாம்புப் பால் செலுத்துவதற்கும், தனி இனமும் தக்க கூலியும் வகுத்து, அந்த வேலை முடிந்து சோதிக்கப்பட்ட பின்னரே பூச்சுக்குரிய பணத்தை விடுவிக்க வேண்டும். மூன்றாவது, இந்தக் கவனிப்பு கோயில்களோடு நிற்காமல், மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் நெருங்கி நிற்கும் பழைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் மாநகராட்சியால் நீட்டிக்கப்பட வேண்டும்.

அந்த வீதிகளில் இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரை நம்பி இரு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒருவர் தம் பாதியை இடித்துவிட்டு மாடி எழுப்பும்போது, மற்றவரிடம் மிஞ்சுவது துணையிழந்த ஓர் ஏடு மட்டுமே. 2021 டிசம்பரில் கீழவெளி வீதிப் பகுதியில் பழைய கட்டடம் ஒன்று இரவில் இடிந்து விழுந்து, ரோந்திலிருந்த தலைமைக் காவலர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. அந்தக் கட்டடத்தின் பிணி இன்னது என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. மழைக்காலத்துக்கு முன் பழைய கட்டடங்களைத் தட்டிப் பார்த்து அளந்து எழுதிவைக்கும் ஏற்பாடு ஒன்று ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை என்றே கூறுகிறேன். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கரணை, ஒரு தூக்குக்குண்டு, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவு சொற்பமான செலவில் அறியக்கூடிய ஆபத்தை அறியாமல் விட்டுவிட்டு, இடிந்த பிறகு நிவாரணத்தொகை வழங்குவதை நிர்வாகம் என்று எந்த நியாயத்தாலும் சொல்ல முடியாது.